எழுந்த பிறகுதான் சொல்வார்

அன்றைக்கு முதலாளி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். பட்டு ஜவுளி முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, என் அப்பா, நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. அம்மா வீட்டில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். டிரைவர் சித்தப்பா ஸ்ரீபெரும்புதூர் டிரிப்பில் இருந்தார். அவர் மட்டும் அங்கே இருந்திருந்தால், அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே "நல்லா இருக்குது மொதலாளி" என்று அப்பா சொல்லியிருக்க முடியாது.

சித்தப்பா என்றால் உறவில்லை. எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் போர்ஷனில் குடியிருந்த பஸ் டிரைவர். தெருவே அவரை டிரைவர் என்றுதான் கூப்பிட்டது. நாங்கள் பிள்ளைகள் மட்டும் சித்தப்பாவைச் சேர்த்துக்கொண்டோம். ஒல்லியான, நெடிய மனிதர். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கை இடுக்கில் ஒரு திண்டு. தென்னை நாரும் இலவம்பஞ்சும் அடைத்து அவரே தைத்தது. பஸ்ஸில் எந்த சீட் போட்டிருந்தாலும் அதன்மேல் இந்தத் திண்டைப் போட்டுத்தான் உட்காருவார்.

அவரிடம் எதைப் பற்றியும் உடனே பதில் வாங்க முடியாது. அம்மா காபி கொடுத்துவிட்டு, "எப்படி இருக்குது தம்பி?" என்று கேட்பாள். "குடிச்சு அரை மணி போவட்டும் அண்ணி" என்பார். அரை மணி கழித்து, தான் கேட்டதையே அம்மா மறந்துபோன பிறகு, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்: "காபி நல்லா இருந்தது."

டெப்போவுக்கு ஒரு தடவை புது பஸ் வந்தது. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, ஆளாளுக்கு ஏறி உட்கார்ந்து பார்த்து, சீட்டு மெத்து மெத்தென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள். இவர் ஏறினார். என்ஜினைப் போடாமல், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, ஸ்ரீபெரும்புதூர் போய்த் திரும்புகிற நேரம் முழுவதும் நின்ற பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தார். கண்டக்டர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "ரைட் ரைட்" என்று கேலி செய்தார்கள். அவர் அசையவில்லை. பிறகு இறங்கி, இரண்டு நடை நடந்து பார்த்து, புகார் புத்தகத்தில் எழுதினார்: "சீட்டு உட்காருகிறவனுக்கு நன்றாக இருக்கிறது. இறங்குகிறவனுக்கு நன்றாக இல்லை."

"மொத அரை மணி எல்லா சீட்டும் பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரிபா," என்பார். "சிரிச்சுக்கினு, தலையாட்டிக்கினு இருக்கும். சுயரூபம் ஏந்திருக்கும்போதுதான் தெரியும்."

இதை அவர் பேச்சுக்காகச் சொல்லவில்லை. என் தங்கையைப் பெண் பார்க்க முதலில் வந்த பையனை அவர் அப்படித்தான் பார்த்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மூலையில் உட்கார்ந்து, பையன் எழுந்திருக்கும் வரை காத்திருந்தார். பையன் குடித்த டம்ளரைக் காலால் ஒதுக்கிவிட்டு எழுந்து போனான். அவர்கள் தெருமுனை தாண்டியதும், "வேணாம் அண்ணே" என்றார். ஆறு மாதம் கழித்து வந்த பையன் டம்ளரை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்தில் வைத்தான். இன்று அவன்தான் என் மைத்துனன்.

நாற்காலிக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டு அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. எங்களுடையது குழித்தறி. தரையோடு ஒரு பலகை, அதில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிக்க வேண்டும். அரை மணிக்கு மேல் அப்பாவால் உட்கார முடியவில்லை. எழுந்திருக்கும்போது தறிமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுவார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்து, இடுப்பெலும்புக்குச் சற்று மேலே விரலை வைத்து, "இந்த எடத்தை மட்டும் யாரும் அமுக்கக் கூடாது" என்று சொல்லியனுப்பினார். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை நின்றது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "ஆவணியில கல்யாணம்யா. இன்னும் பதினஞ்சு நாள் பாக்கறேன். முடியலன்னா வேற ஆள அனுப்பறேன். ஒன் தறியிலயே ஒக்காந்து முடிச்சுட்டுப் போவட்டும்."

நெசவுக்குப் பழக்கமில்லாதவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றலாம். கூலி போவது ஒரு புறம். அப்பாவின் குழி அப்பாவின் கால் நீளத்துக்கு வெட்டியது. அதில் இன்னொருவன் கால் வைத்து, அப்பா தொடங்கிய புடவையை அப்பா பக்கத்தில் இருக்கும்போதே முடிப்பது என்றால், அதன் பிறகு அந்தக் குழியில் அவர் எப்படி இறங்குவார்?

அப்பாவின் முகத்தைப் பார்த்து முதலாளிக்கே என்னவோ போல் ஆகியிருக்க வேண்டும். அப்போதுதான் நாற்காலியைக் காட்டினார். மெட்ராஸில் ஓர் ஏலத்தில் எடுத்தது. கருஞ்சிவப்பு ரெக்சின் போர்த்தியது. சுவிட்சைப் போட்டால் முதுகுச் சாய்வுக்குள் இரண்டு மரக்குண்டுகள் உருண்டபடி மேலே ஏறும், கீழே இறங்கும். "வீட்ல சத்தம் புடிக்கல. முதுகு வலிக்கின்னே செஞ்சது இது. நானூத்தம்பது குடுத்துட்டு எடுத்துக்கினு போ."

பி.யூ.சி. முடித்து நான் குமாஸ்தா வேலையில் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. தபால் ஆபீஸில் கொஞ்சம் சேர்த்து வைத்திருந்தேன். நாற்காலியோடு இங்கிலீஷில் ஒரு கையேடு இருந்தது. எங்கள் வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். ரத்த ஓட்டம் சீராகும், களைப்பு நீங்கும் என்று ஒவ்வொரு வரியாக அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்பா உட்கார்ந்தார். குண்டுகள் உருண்டன. நல்லா இருக்குது என்றார். மறுநாளே பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டு, கையேட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தோம்.

வீட்டு வாசலில் டிரைவர் சித்தப்பா டியூட்டி முடிந்து திண்டோடு வந்துகொண்டிருந்தார். நான் உற்சாகமாக விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே அப்பாவைச் சுற்றிப் பின்பக்கம் போய் நின்றார்.

"அண்ணே, இந்தச் சட்டையோடதான் ஒக்காந்தீங்களா?"

"ஆமா, ஏன்?"

"பின்னால இஸ்திரி மடிப்பு கலையவே இல்லியே. முதுக வச்சீங்களா இல்லியா?"

அப்பா கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டை மடிப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு, "மொதலாளி எதிர்ல சாஞ்சு ஒக்கார முடியுமா டிரைவரே?" என்றார்.

அங்கே நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். கையேட்டைப் பார்த்தேனே தவிர அப்பாவைப் பார்க்கவில்லை. நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, முதுகு சாய்வைத் தொடாமலே, முதலாளிக்கு மரியாதையாக ஒரு பதில் சொல்லியிருக்கிறார்.

"அந்த பொஸ்தகத்துல ஏந்திருக்கறதப் பத்தி இன்னா போட்டிருக்குது?" என்று என்னைக் கேட்டார் சித்தப்பா. புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் போடவில்லை.

மறுநாள் பணத்தோடு போக வேண்டிய நேரத்தில் அவரும் எங்களோடு வந்தார். முதலாளியின் பார்சல்கள் இவர் பஸ்ஸில்தான் போகும், அதனால் பழக்கம் உண்டு.

"ஒரு வாரம் வீட்ல வச்சுப் பாக்கணும் மொதலாளி. அப்புறம் பேசிக்கலாம்."

"இன்னா டிரைவர், இது இன்னா மாப்பிள்ளையா, வீட்டோட வச்சுக்கினு பாக்கறதுக்கு?"

"மாப்பிள்ளைய திருப்பி அனுப்ப முடியாது மொதலாளி. இத அனுப்பலாம். அதான் கேக்கறேன்."

கணக்குப்பிள்ளை சிரித்துவிட்டார். முதலாளியும் சிரித்தபடி, "ஏழு நாள்தான்" என்றார். கைவண்டி வைத்துக் கொண்டுவந்தோம். எங்கள் பதினைந்து நாளில் ஏழு நாளை இதற்குக் கொடுக்கிறோமே என்று எனக்கு உள்ளூர எரிச்சல்.

தெருவே கூடிவிட்டது. ஆளுக்கு ஒரு தடவை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றார்கள். சித்தப்பா விடவில்லை. "வேடிக்கை பாக்கறவங்க முதுகு வேற, வலிக்கிற முதுகு வேற. போங்கபா." ஆனால் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லாரையும் அளந்தார். தறி வீட்டு மரத்தூணுக்கு எதிரே ஒவ்வொருவராக நிற்க வைத்து, முழங்கால் மடங்காமல் குனியச் சொன்னார். விரல் எதுவரை போகிறதோ அங்கே தூணில் சாக்கட்டியால் ஒரு கோடு. பிறகு கையை மேலே தூக்கச் சொல்லி இன்னொரு கோடு. அப்பாவுக்கு விரல் முழங்காலுக்குக் கீழே போகவில்லை. அம்மாவுக்கு வேறு ஒன்று தெரிந்தது. அவள் நன்றாகக் குனிந்தாள். வலது கைதான் காதுக்கு மேலே போகவில்லை.

"இது எத்தினி நாளா அண்ணி?"

"அது கெடக்குது. ராட்ட சுத்தற கைதானே," என்றாள் அம்மா.

இருபது வருடமாக அந்தக் கையைத்தான் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் ஏழு மணிக்குத் தெருவெல்லாம் விளக்குப் போட்டதும் கரண்ட் குறைந்து, குண்டுகள் முனகிக்கொண்டு பாதி முதுகில் நின்றன. மேலே பல்பு சிவந்துபோனது. "ராத்திரில ஓடாது" என்று டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார் சித்தப்பா. இருபது நிமிடம் ஓடவிட்டு, நாற்காலிக்கு அடியில் கையை நுழைத்து மோட்டாரைத் தொட்டார். கையை உதறியபடி எடுத்தார். "தோசைக்கல்லு. பத்து நிமிசத்துக்கு மேல போடக்கூடாது." அம்மாவைக் கூப்பிட்டு, ஒருத்தராகவே தள்ளிப் பார்க்கச் சொன்னார். அம்மாவால் நகர்த்த முடியவில்லை. "தெனமும் இதுக்குக் கீழ பெருக்கப் போறது நீங்கதான். எழுதிக்கறேன்." நாற்காலி ரிப்பேரானால் யாரிடம் போவது என்று விசாரிக்க, விளக்கடிக் கோயில் தெருப் பக்கம் ஒரு மோட்டார் வைண்டிங் கடைக்காரரைக் கூட்டிவந்து அடிமூடியைக் கழற்றிக் காட்டினார்.

அப்பா காலையும் மாலையும் உட்கார்ந்தார். இந்தத் தடவை எங்கள் வீடு, நன்றாகச் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். "சொகமா இருக்குதுபா," என்றார். மூன்றாம் நாள் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"சித்தப்பா, அவரே சொல்றாரு, சொகமா இருக்குதுன்னு. இன்னும் எதுக்கு நாளக் கடத்தணும்?"

"ஒக்காந்துக்கினு சொல்றாருபா," என்றார்.

தினமும் முதல் டிரிப்புக்குப் போகும் முன்னால் வந்து, படுக்கையை விட்டு எழுந்த அப்பாவைத் தூணுக்கு எதிரே நிறுத்திக் கோடு போட்டார். நான்காம் நாள் காலையில் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அப்பாவின் விரல் முதல் நாள் தொட்ட இடத்தைவிட நான்கு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. நாற்காலியில் சுகம், எழுந்தால் முன்னைவிட மோசம்.

அன்று சித்தப்பாவுக்கு ஓய்வு நாள். சாக்கட்டியைப் பொடித்து, முதுகுச் சாய்வில் குண்டு கீழே வந்து நிற்கிற இடத்தில் பூசினார். அப்பாவுக்கு என் நீலச் சட்டையைப் போட்டு உட்கார வைத்து எழுப்பினார். சட்டையில் வெள்ளையாக இரண்டு வட்டம் விழுந்திருந்தது. டாக்டர் விரலை வைத்து, அமுக்கக்கூடாது என்று சொன்ன அதே இடம்.

"நாற்காலி மேல தப்பு இல்ல," என்றார். "நெட்ட ஆளுக்குச் செஞ்சிருக்கான். அண்ணன் குட்டை. ஒயரமா இருந்தா குண்டு நிக்கற எடம் இதுக்குக் கீழ போயிருக்கும். இவருக்கு இது வேணாம். இனிமே ஒக்காராதீங்க."

அப்பா தறியைப் பார்த்தார். புடவை அப்படியே நின்றிருந்தது. "அப்போ வேற ஆள்தான் வரணும் போல" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். அவர் அதை வாய்விட்டுச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். தறிக்குப் போய்க் குனிந்து, பலகையைத் தொட்டு, "எறங்கட்டுமா அண்ணே?" என்று கேட்டார். எங்கள் தெருவில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, யாரும் அப்படி அனுமதி கொடுத்ததும் இல்லை. அப்பா தலையசைத்தார். அந்த நெட்டை மனிதர் முழங்கால் முட்ட முட்டக் குழியில் காலை விட்டு, தறியில் எதையும் தொடாமல், கையை மடியில் வைத்தபடி உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். அம்மா சோறு வடித்தாள். நான் இரண்டு தடவை வாசலுக்குப் போய்வந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து எழுந்தவர் இடது பக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தினி வருசப் பலகை?"

"எங்கப்பா காலத்துது."

"இடது பக்கம் ரெண்டு விரக்கடை தேஞ்சு சாஞ்சிருக்குது. கோணலா ஒக்காந்துக்கினு நேரா நெய்யறீங்க. என் பஸ்ல இப்படி ஒரு சீட்டு இருந்தா நானு தாமல் ஏரிக்குள்ள எறங்கி ஓடியிருப்பேன்."

எங்கள் மூவர் கண்ணிலும் அது படவேயில்லை. பலகை தேய்ந்த அளவுக்கு அப்பாவும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்திருக்கிறார்.

பக்கத்துப் போர்ஷனுக்குப் போய்த் திண்டை எடுத்துவந்தார். அம்மாவிடம் கத்திரிக்கோல் கேட்டார். அவர் என்ன செய்யப் போகிறார் என்று புரிந்ததும் அப்பா பதறினார். "வேணாம் டிரைவரே, அது உங்க சீட்டு."

"பதினோரு வருசம் பாத்துட்டேன் அண்ணே. இதுலருந்து ஏந்திருக்கும்போது வலிக்காது. இதுக்கு மேல எத வச்சுப் பரீட்சை பண்றது?"

திண்டைப் பிரித்தார். நாரை இடது பக்கம் தடிமனாகவும் வலது பக்கம் மெல்லிசாகவும் அடைத்து, பலகை அகலத்துக்குத் தைத்தார். அம்மா ஊசி கோர்த்துக் கொடுத்தாள். அப்பா இறங்கி உட்கார்ந்தார். மிதித்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு தறிச் சத்தம் கேட்டுத் தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அரை மணி ஆனது. முக்கால் மணி ஆனது. சித்தப்பா சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்.

அப்பா எழுந்தார். தறிமரத்தைப் பிடிக்கவில்லை.

"இன்னா அண்ணே?"

அப்பா இரண்டு அடி நடந்தார். "இரு டிரைவரே, அரை மணி போவட்டும்" என்றார். டிரைவர் சித்தப்பா அன்றைக்குச் சிரித்தது போல் நான் பார்த்ததில்லை.

அப்பா அன்று முதல் முக்கால் மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்து, மறுபடி இறங்கினார். வலி ஒரேயடியாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். தூணில் கோடுகள் மெல்ல மெல்லக் கீழே இறங்கின. பதினான்காம் நாள் சாயங்காலம் முடிந்த புடவையைத் தறியிலிருந்து அறுத்து முதலாளி வீட்டுக்கு அப்பாவே கொண்டுபோனார். வேறு யாரும் எங்கள் குழியில் கால் வைக்கவில்லை, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்த அவரைத் தவிர.

நாற்காலியைத் திருப்பி அனுப்ப வேண்டிய ஏழாம் நாள் காலையில், அவர் அம்மாவைத் தூணுக்கு எதிரே நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார். அம்மா தயங்கினாள். தூக்கினாள். கை காதைத் தாண்டிப் போனது. கோடு பழைய கோட்டுக்கு ஒரு சாண் மேலே விழுந்தது.

"மத்தியானத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்தேன்," என்று அம்மா ஏதோ திருடியதைப் போலச் சொன்னாள். "கீழ ஒரு போர்வைய மடிச்சுப் போட்டுக்கினா குண்டு சரியா தோள்ல வருது. சும்மா கெடக்குதேன்னுதான்."

"ஏந்திருக்கும்போது?"

"தூக்கம் வருது தம்பி. வலி இல்ல."

அவர் என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா அந்த இரண்டு கோட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம், "பணம் எடுத்துக்கினு வா" என்றார்.

முதலாளியிடம் சித்தப்பா தன் டிரிப் ஷீட்டைப் படித்துக் காட்டினார். ராத்திரியில் ஓடாது, பத்து நிமிடத்துக்கு மேல் மோட்டார் தாங்காது, பெண்களால் நகர்த்த முடியாது, உயரம் குறைந்தவர்களின் இடுப்புக்கு ஆகாது, தோளுக்கு நல்லது. நல்லதையும் கெட்டதையும் ஒரே குரலில்தான் படித்தார். முதலாளி, "யாருக்குயா வாங்கறீங்க?" என்று கேட்டார். "வீட்ல அவளுக்கு" என்றார் அப்பா. முதலாளி சற்று நேரம் அப்பாவையே பார்த்துவிட்டு, முந்நூறு போதும் என்றார். தச்சரிடம் சொல்லி அதற்கு நான்கு மரச் சக்கரம் போட்டோம். அம்மா இன்றும் மத்தியானத்தில் பத்து நிமிடம் அதில் உட்காருகிறாள். ஒரு தடவை மோட்டாருக்குக் கம்பி மாற்றியாயிற்று.

திண்டு போன பிறகு அவர் ஒரு துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டினார். நான் புதுத் திண்டு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். பழையதற்காவது பணம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். "இப்ப எப்படி வாங்கறது? ஒரு மாசம் போவட்டும், அண்ணன் ஏந்திருக்கறத பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அடுத்த வருடம் விழுப்புரம் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார். பிறகு பார்க்கவில்லை. என் ஆபீஸில் புதிதாக எது வந்தாலும் எல்லாரும் உடனே நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நான் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன் என்று சொல்லி, கர்வக்காரன் என்று பேர் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரை அவர் கணக்கில் சேர்த்துக்கொள்கிறேன்.

அந்தத் திண்டுப் பணத்தை அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மாற்றலாவதற்கு முன்பே, நாங்கள் பேசிய நாளிலிருந்து சரியாக ஒரு மாதம் கழித்து, ஒரு நாள் காலையில் வந்து, அப்பா தறியை விட்டு எழுந்து முற்றம் வரை நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். நாருக்கும் பஞ்சுக்கும் பதினோரு வருடத்துக்கு முன்னால் கொடுத்த விலையை நினைவு வைத்திருந்தார். அதற்கு மேல் ஒரு காசு வாங்கவில்லை. அப்பாவின் முதுகுக்காக எங்களுக்கு ஆன செலவு இரண்டே முக்கால் ரூபாய்.